திருப்பிக் கொடுத்த கத்தி

மொத்தமே பதினோரு செகண்ட் வீடியோ. அதைப் பார்த்து ஊரே வயிறு வலிக்கச் சிரித்து முடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் கவுண்டர். நாலு மணி நேரமாகக் காத்திருந்த ஒரு ஆள், பொறுமை போய், பைக்குள்ளிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்து டோக்கன் கொடுக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். வாசலில் நின்ற செக்யூரிட்டி இரண்டே எட்டில் வந்து சேர்கிறான். நெட்டை என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். மணிக்கட்டில் ஒரு பிடி, ஒரு திருகு, கத்தி நெட்டையின் கையில். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வீடியோ அங்கேயே நின்றிருந்தால் நெட்டையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். நின்றால்தானே! நெட்டை அந்தக் கத்தியைப் புரட்டி, கைப்பிடி முன்னால் வருகிற மாதிரி நீட்டி, அந்த ஆளிடமே திருப்பிக் கொடுக்கிறான். கொடுத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய் ஒழுங்காக நிற்கிறான். அந்த ஆளே திருதிருவென்று முழிக்கிறான். வாங்கலாமா கூடாதா என்று அவனுக்கே சந்தேகம். கடைசியில் வாங்கிக்கொள்கிறான். வாங்கிய கையோடு நெட்டையின் முன்கையில் ஒரு இழுப்பு. பதினாலு தையல்.

"சார், உங்க கத்தி, மறந்துட்டுப் போறீங்க" என்று அடியில் எழுதி, ஒரு பாட்டையும் சேர்த்து, கைபேசிக்குக் கைபேசி அனுப்பினார்கள். வேலையற்ற ஜனம், வேறு என்ன செய்யும்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். நெட்டைக்கு அந்தப் பிடியைச் சொல்லிக்கொடுத்தவள். செக்யூரிட்டி கம்பெனியில் அவளை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாடை படியேறி வரும் ஒரு நீள அறையில், பதினோரு வருஷமாக அந்தக் கம்பெனியின் ஆட்களுக்கு அவள்தான் தற்காப்புப் பாடம் எடுக்கிறாள். இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அவள் அந்த வீடியோவை இருபது தடவை பார்த்தாள். கால் வைத்த இடம் சரி. தோள் திரும்பியது சரி. பிடி அத்தனை அழகு. அதற்கப்புறம் இந்தக் கிறுக்குத்தனம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலமே நெட்டை போன் பண்ணினான்.

"மாஸ்டர், நான் ஏன் அதைக் குடுத்தேன்?"

"என்னைக் கேட்டா?"

"எனக்குத் தெரியல மாஸ்டர். எவ்வளவு யோசிச்சும் தெரியல. அதான் உங்களைக் கேக்கறேன்."

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பயம். பயத்துல மூளை நின்னுபோயிடும். அப்போ கை என்ன பண்ணுதுன்னு நமக்கே தெரியாது."

"பயமா?" என்று அவன் இழுத்தான். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனை வைத்துவிட்டான்.

மறுநாள் கம்பெனியில் விளக்கம் கேட்டபோது நெட்டை அப்படியே எழுதிக் கொடுத்தான். பயந்துபோய்க் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று, கீழே கையெழுத்தோடு. பயப்படுகிறவன் எதற்கு வாசலில் நிற்க வேண்டும் என்று கம்பெனி ஒரே முடிவாகச் சொல்லிவிட்டது. வெள்ளிக்கிழமை விசாரணை. விசாரணை என்பது பேச்சுக்குத்தான். மாஸ்டர் வந்து, பயிற்சி முறையாகத்தான் கொடுக்கப்பட்டது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் நெட்டையை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த வீடியோவுக்கு அப்புறம் வேறெந்தக் கம்பெனியும் அவனைப் படியேற விடாது. மேனேஜர் போனிலேயே இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாசத்திலிருந்து எல்லாக் கிளைகளிலும் மாஸ்டரின் பாடத்தையே வைக்கப் போகிறார்களாம். "இந்தச் சின்ன விஷயம் மட்டும் முடிஞ்சிடட்டும் மேடம்" என்றார்.

அந்தப் பாடத்தைப் பற்றி அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை. பெருமைப்படக் காரணமும் இருந்தது. அவள் கற்றுக்கொண்ட காலத்தில் பாடம் என்றால் பாதி நேரம் தண்டனைதான். முழங்காலை மடக்கி அரை மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் கேட்டால் திட்டு. ஏன் என்று கேட்டால் கணுக்காலில் பிரம்பு. ஆளுக்கு ஆள் வரிசையில் நின்று, ஒருவர் செய்து முடிக்கும் வரை மற்ற பத்துப் பேரும் கொட்டாவி விட வேண்டும். இவள் அதையெல்லாம் தூக்கிக் கடாசினாள். பிரம்பு கிடையாது, கத்தல் கிடையாது. சுவரில் ஒரு பெரிய கடிகாரம், பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்ற காரணம் அந்தப் பலகையில் எழுதியிருக்கும். எல்லோரும் ஜோடி ஜோடியாக ஒரே நேரத்தில் பழக வேண்டும், யாரும் சும்மா நிற்கக் கூடாது. கையில் ஸ்டாப்வாட்ச்சை வைத்துக்கொண்டு, எங்கெங்கே நேரம் வீணாகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தாள். முன்பு ஒரு வகுப்பில் ஒரு ஆள் பத்துத் தடவை கத்தியைப் பிடுங்கினால் பெரிது. இவளிடம் நாற்பது தடவை. முன்பு மூன்று வருஷம் பிடித்தது, இப்போது மூன்றே மாசத்தில் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் அவள் அக்காவின் கடைக்குப் போனாள். பயிற்சிக்குப் போடும் பேண்டுகளை இடுப்பு பிடிக்கக் கொடுத்திருந்தாள். அக்கா துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். ஒரு தையல் மெஷின், ஒரு மேஜை, கால் வைக்க இடமில்லாமல் மற்றவர்களுடைய பேண்டுகள். முட்டி தேய்ந்துபோகும் வரை அவளும் மாஸ்டராக இருந்தவள்தான். தங்கைக்குச் சண்டை கற்றுக்கொடுத்ததும், பிரம்பை வீசியதும் அவளேதான்.

"வாம்மா. உன் ஆளு உலகப் புகழ் ஆயிட்டான் போல" என்றாள் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கிண்டல் பண்ணாதே அக்கா. பயந்துட்டான், பாவம்."

"பயந்தவன் கையா அது? விருந்தாளிக்குக் காபி குடுக்கிற மாதிரி பதவிசா நீட்டுறான். என்கிட்ட கத்துக்கிட்ட எவனும் இப்படிக் குடுத்தது கிடையாது."

"உன்கிட்ட எவன் மூணு மாசத்துக்கு மேல நின்னான்? நீ அடிச்ச அடிக்கு எல்லாம் ஓடிப்போயிடுச்சு."

"நீ நின்னியே."

"நான் எங்கே ஓடறது? ஒரே வீடு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுந்தவள், மேஜை மேலிருந்த மர ஸ்கேலை எடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் தங்கையின் வயிற்றை நோக்கிக் குத்தினாள். இந்த வயதிலும் அப்படி ஒரு வேகம், கிராதகி! தங்கையின் கை தானாக எழுந்தது. பிடி, திருகு, ஸ்கேல் இவள் கையில். பிடித்த வேகத்தில் இவள் ஸ்கேலைப் புரட்டி அக்காவிடம் நீட்டினாள். ஓர் அடி பின்னால் போய் நின்றாள்.

"ரொம்ப நன்றி" என்றாள் அக்கா. வாங்கிய ஸ்கேலால் தங்கையின் வயிற்றில் ஒரு குத்து குத்தினாள்.

சந்தில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னொரு தடவை" என்றாள் தங்கை.

இந்தத் தடவை அவளுக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும். இருந்தும் பிடுங்கிய கை பாதி தூரம் நீண்டுவிட்டது. அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. அவள் அப்படியே பேண்டுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஜோடியில் ஒருவன் குத்துவான், ஒருவன் பிடுங்குவான். பிடுங்கியவன் மரக்கத்தியை உடனே திருப்பிக் கொடுத்தால்தானே குத்துகிறவன் மறுபடியும் குத்த முடியும்? ஒரு வகுப்புக்கு நாற்பது தடவை பிடுங்கினார்கள் என்றால் நாற்பது தடவை திருப்பியும் கொடுத்தார்கள். எல்லா அசைவுக்கும் பலகையில் காரணம் எழுதியவள், இதை ஒரு அசைவாகவே கணக்கில் வைக்கவில்லை. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி என்று நினைத்தாள். கைக்கு அது தெரியுமா? கை எல்லாவற்றையும் சேர்த்தே கற்றுக்கொண்டது.

"நீ மரக்கத்தியை மூலையில தூக்கிப் போடச் சொல்லுவியே அக்கா. பிடுங்கினதும் எறிஞ்சிட்டு, நாங்களே ஓடிப் போய் எடுத்துட்டு வரணும். நேரம் வீணாகுதுன்னு நான்தான் அதை வெட்டினேன். இதுக்குத்தானா அது?"

அக்கா ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டு யோசித்தாள். "ஏன்னு யாருக்குத் தெரியும்? என் மாஸ்டர் அப்படிப் பண்ணச் சொன்னார், நானும் சொன்னேன். காரணம் கேட்டிருந்தா முதுகுத்தோல் மிஞ்சியிருக்காது. உள்ளதைச் சொல்லணும்னா, நீ மூச்சு வாங்க ஓடிப் போய்ப் பொறுக்கிட்டு வர்றதைப் பாக்க எனக்குக் குஷியா இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். என்னமோ நான் பெரிய ஞானின்னு நினைச்சுட்டு வந்தியா?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். ஒருத்தி தெரியாமலே சரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இன்னொருத்தி காரணத்தோடு தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இதில் யாரைப் போய்த் திட்டுவது?

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும்" என்றாள்.

"போட்டா?"

"எல்லாக் கிளைக்கும் என் பாடம்தான்."

"போடலன்னா?"

"அவனுக்கு வேலை மிஞ்சும். எனக்கு மிஞ்சாது."

அக்கா பேண்டுகளை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். "உனக்குப் பட்டன் தைக்கவாவது வருமா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, கம்பெனி ஆபீஸின் மூன்றாவது மாடி. கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும், குறிப்பெடுக்கும் அம்மாளும். இந்தப் பக்கம் நெட்டை, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில். அத்தனை உயரத்தையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் குறுகி உட்கார்ந்திருந்தான். மாஸ்டருக்கு முன்னால் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். இவர் பயப்படல. நான் பழக்கினதைத்தான் இவர் பண்ணினார்."

மேனேஜர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "மேடம், கத்தியைத் திருப்பிக் குடுன்னு உலகத்துல யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?"

"நான் சொல்லிக் குடுத்திருக்கேன். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

"மேடம், இவர் மேல இரக்கம் இருக்கலாம். அதுக்காக..."

"கீழே வாசல்ல நிக்கிறவரைக் கூப்பிடுங்க. போன வருஷம் என்கிட்ட படிச்சவர். என்ன ஏதுன்னு சொல்லாம கூப்பிடுங்க."

வந்தவர் கனத்த ஆள், தொப்பியைச் சரிசெய்தபடி கதவைத் திறந்து சல்யூட் அடித்தார். அடித்த கை இறங்குவதற்குள் மாஸ்டர் மேஜை மேலிருந்த மார்க்கர் பேனாவை எடுத்து அவர் கழுத்துக்கு நேராகப் பாய்ந்தாள். குறிப்பெடுக்கும் அம்மாள் "ஐயோ" என்றாள். பேனா அவர் கைக்குப் போனது. புரண்டது. மாஸ்டரிடம் திரும்பி வந்தது. அவர் ஓர் அடி பின்னால் நின்று, "அடுத்தது மாஸ்டர்?" என்றார்.

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. "லிஃப்ட்டுக்கிட்ட ஒரு செக்யூரிட்டி இருப்பார், அவரையும் கூப்பிடுங்க" என்று அவரே சொன்னார். லிஃப்ட்காரர் வந்தார். அதே கதை. அவர் கொஞ்சம் மரியாதைக்காரர், இரண்டு கையாலும் கொடுத்தார்.

நெட்டை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குனிந்து தன் நல்ல கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏதோ இன்றைக்குத்தான் அந்தக் கை அவனுக்கு அறிமுகமான மாதிரி.

"இப்படி எத்தனை பேர்?" என்றார் மேனேஜர், குரலைத் தாழ்த்தி.

"முந்நூற்றுப் பன்னிரண்டு."

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எந்தெந்த பேங்க், எந்தெந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் மனசுக்குள் வரிசையாக ஓடியது முகத்திலேயே தெரிந்தது. நெட்டை அதில் எங்கேயும் இல்லை. கடைசியில் அவர் சொன்னது சுருக்கம்தான். நெட்டை எழுதிக் கொடுத்த தாள் கிழிக்கப்படும், கை ஆறியதும் அவன் வேலைக்கு வரலாம். இது இந்த அறையைத் தாண்டக் கூடாது. மாஸ்டர் நாளையிலிருந்து வர வேண்டாம்.

"அந்த முந்நூறு பேரையும் ஆளுக்கு ரெண்டு நாள் என்கிட்ட அனுப்புங்க சார். பிடுங்கினதும் பின்னால போகணும், கத்தியைக் குடுக்கவே கூடாதுன்னு மறுபடியும் பழக்கணும். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

"புதுசா வர்றவர் பாத்துப்பார். நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

அவள் நின்றபடியே இரண்டு பக்கம் எழுதினாள். மேனேஜர் கையை நீட்டுவதற்குள் குறிப்பெடுக்கும் அம்மாள் அதை வாங்கி, "இன்னிக்கே எல்லா வாசலுக்கும் போயிடும்" என்றாள். மேனேஜர் அவளை ஒரு முறை முறைத்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

படியிறங்கும்போது நெட்டை இரண்டு படி பின்னாலேயே வந்தான். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள், அதைக் கேட்கப் பிடிக்காமல் வேகமாக இறங்கினாள். அவன் நன்றி சொல்லவில்லை.

"மாஸ்டர், வீட்டுக்கு ஒரு தடவை வர முடியுமா? உள்ளே சொன்னதை என் வீட்டுக்காரிகிட்ட சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா. சும்மா சமாளிக்கிறேன்னுதான் நினைப்பா."

இரண்டு அறை வீடு. நெட்டையின் மனைவி ஒரு லாட்ஜின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு, தன் வீட்டுத் துணியையும் லாட்ஜுத் துண்டு போலவே மூலைக்கு மூலை பொருத்தி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இவர் பயந்துட்டார்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"ஆமா. யோசிக்காம சொல்லிட்டேன். தப்பு. இவர் கொஞ்சம்கூடப் பயப்படல."

மாஸ்டர் முழுவதையும் சொன்னாள். ஜோடியாகப் பழகியது, மரக்கத்தியைத் திருப்பிக் கொடுத்தது, மூன்றாவது மாடியில் இரண்டு பேர் பேனாவை நீட்டியது, அக்கா கடையில் தன் கையே நீண்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. நெட்டை சுவரோரம் நின்று, முதல் தடவை கேட்கிறவன் போலக் கேட்டான்.

மனைவி மடிப்பதை நிறுத்தினாள். "ஒரு வாரமா என்கூட வேலை செய்யறவங்க அந்த வீடியோவை என் மூஞ்சிக்கு நேரா போட்டுக் காட்டுறாங்க. ஆமா, என் புருஷன் பயந்தாங்கொள்ளிதான், உயிரோட இருக்காரே அது போதும்னு சொல்லிட்டு இருந்தேன். வேற என்ன சொல்றது?" என்றாள். அவள் அவனைப் பார்த்து அதைச் சொல்லவில்லை. அவன் கண் கலங்கியது, மறைத்துக்கொள்ள உள்ளே போகவும் இல்லை. மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கன்னத்தில் இரண்டு அறை விழுந்திருந்தால்கூட எழுந்து நிம்மதியாகப் போயிருப்பாள்.

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றாள் மனைவி. "பழகறப்போ அந்த மரக்கத்தியைக் கீழே போட்டுட்டு மறுபடி எடுத்திருக்கலாமே. எதுக்குத் திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க?"

"நேரம் மிச்சமாகும்னு."

"எவ்வளவு?"

"ஒரு தடவைக்கு எட்டு செகண்ட்."

மனைவி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நகர்ந்தது. எட்டு செகண்ட் முடியும் வரை மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றாள் மாஸ்டர்.